எல்லாம் பச்சையாக இருந்த நாள்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மேடம், ஒரே பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு ஓட்டலாமா?” என்று கேட்டாள். “ஓட்டலாம்மா, எது முதல்ல திறக்குதுன்னு மட்டும் பாத்துக்கோ” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன். கம்பெனி பஸ் கிளம்பும் நேரம். எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதே அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. தப்பான பதில் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு நடந்ததை வைத்துக்கொண்டு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் யாராவது கொடுத்துவிடுங்கள். மற்றவர்களும் படியுங்கள்.

நான் ஒரகடத்தில், காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சிஸ்டம்ஸ் பிரிவில் இருந்தேன். பிரேக்கை மிதித்தால் எண்ணெயை அழுத்தி நான்கு சக்கரத்துக்கும் அனுப்புகிற சிலிண்டர்தான் எங்கள் முக்கியமான பார்ட். அது கசியக் கூடாது. கசிந்தால் ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால் தயாரிப்பு லைனின் கடைசியில் லீக் டெஸ்ட் பெஞ்ச் ஒன்று உண்டு. பார்ட்டை அதில் வைத்து இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால், பெஞ்ச் அதைக் கவ்விப் பிடித்துக் காற்றை அடைக்கும். காற்று உள்ளேயே நின்றால் திரையில் பச்சை. இறங்கினால் சிவப்பு. பச்சை வந்ததும் ஆப்பரேட்டர் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பெட்டியில் அடுக்குவார். அந்தப் பெட்டி அன்றைக்கே லாரி ஏறி கார் கம்பெனிக்குப் போய்விடும். அவர்களும் அன்றைக்கே வண்டியில் மாட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் யாரும் சரக்கைத் தேக்கி வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பெஞ்சோடு வந்த கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியபோது வந்தது. காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் கார்டு அதற்குள் செருகியிருந்தது. அந்தக் கார்டு பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் வேலை செய்யும். பெஞ்ச் செய்த கம்பெனி பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. அதனால் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற மென்பொருள் வரவே இல்லை. புதிய பெஞ்ச் வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதினோம். ஒவ்வொரு ஆண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.

இதற்கிடையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நெட்வொர்க்கில் இணைந்த எந்தக் கம்ப்யூட்டரிலும் பழைய இயங்குதளம் ஓடக் கூடாது. ஆனால் சோதனை அறிக்கைகளைத் தினமும் நெட்வொர்க் வழியாக அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேறு வழி இல்லை. அந்த ஒரே கம்ப்யூட்டரில் பழையதையும் புதியதையும் போட்டோம். சோதனை, நெட்வொர்க் இணைப்பு இல்லாமல், பழையதில் நடக்கும். நாளுக்கு ஒரு முறை எங்கள் பிரிவு ஆள் ஒருவர் போய்ப் புதியதில் திறந்து, அறிக்கைகளைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு, மறுபடி பழையதில் விட்டுவிட்டு வருவார். அறிக்கையைத் திறந்து பார்க்க அதே சோதனை மென்பொருள் புதியதிலும் இருந்தாக வேண்டும். அதையும் போட்டோம்.

அந்த மென்பொருளில் ஒரு குணம் உண்டு. கார்டு கிடைக்காவிட்டால் அது நின்றுவிடாது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தவர்களே உள்ளே வைத்த மாதிரி எண்களை எடுத்து ஓட ஆரம்பிக்கும். மாதிரி எண்கள் எல்லாமே நல்ல பார்ட்டின் எண்கள். இது எங்களுக்குத் தெரியும். அதனால் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தானாகப் பழையதே திறக்கும்படி வைத்தோம். ‘பழைய சிஸ்டத்தில் மட்டுமே சோதனை’ என்று மானிட்டரின் தலையில் சீட்டும் ஒட்டினோம். மேலதிகாரிகளுக்கு எழுதியும் கொடுத்தோம். அதன் பிறகு வெகு காலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு இரண்டு சின்ன விஷயங்கள் நடந்தன. கார் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று லைனைச் சுத்தம் செய்தபோது, மெஷின்களில் ஒட்டியிருந்த காகிதங்களை எல்லாம் கிழித்துவிட்டார்கள். எங்கள் சீட்டும் அதோடு போயிற்று. அடுத்தது, புதிய இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. புதுப்பித்த கையோடு, ஆன் செய்தால் தானே முதலில் திறக்கும்படி வரிசையையும் மாற்றி வைத்துக்கொண்டது. இதெல்லாம் ஒரு வெளியூர் வேலைக்காக நான் போயிருந்த வாரத்தில் நடந்தது. திரும்பி வந்தபோது பெஞ்ச் பழையதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அறிக்கை அனுப்பப் போகிறவர் எதில் திறப்பது என்று கையாலேயே தேர்ந்தெடுப்பார் என்பதால் வரிசை மாறியது தெரியவில்லை; யாரும் தேர்ந்தெடுக்காமல் அது தானாக எழும் சந்தர்ப்பம் வரவில்லை.

அந்தச் சந்தர்ப்பம் ஒரு மழை நாளில் வந்தது.

காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. வண்டலூர் சாலையில் டிரெய்லர்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. முதல் ஷிப்ட் தொடங்கியபோது வழக்கமான சோதனையைச் செய்திருக்கிறார்கள். ஓட்டை போட்டு, மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு சிலிண்டர் பெஞ்சின் பக்கத்தில் எப்போதும் தொங்கும். ஷிப்ட் ஆரம்பத்தில் அதை வைத்து ஓட்டுவார்கள். திரையில் சிவப்பு வந்தால் பெஞ்ச் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அன்றும் சிவப்பு வந்தது. அதற்கப்புறம்தான் மின்சாரம் ஒரு முறை போய் வந்தது. லைன் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்து மறுபடி எழுந்தன. பெஞ்ச் கம்ப்யூட்டர் புதியதில் எழுந்தது. சூப்பர்வைசர் வந்து சோதனை மென்பொருளின் படத்தைத் தொட்டுத் திறந்துவிட்டார். “ஆயிடுச்சும்மா, ஓட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

பெஞ்சில் அன்று ஜெயமேரி இருந்தாள். மண்ணூர்ப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி. அவளுடைய வழக்கமான இடம் அசெம்பிளி. பெஞ்சில் இருப்பவர் லீவு போட்டால் அவளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதிகம் பேச மாட்டாள். கையில் பார்ட் இருக்கும்போது திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பக்கத்து மெஷினில் லேபிள் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று நான் லைனுக்குப் போனேன். அதைச் சரி செய்துவிட்டுத் திரும்பும்போது பெஞ்ச் திரை கண்ணில் பட்டது. கீழ் ஓரத்தில் இருந்த பட்டை வேறு நிறத்தில் இருந்தது. அது புதிய இயங்குதளத்தின் பட்டை. நேராகப் பெஞ்சுக்கு நடந்தேன்.

“ஜெயமேரி, கொஞ்சம் நிறுத்தும்மா.”

“இன்னா மேடம்?”

“அந்தச் சிவப்புப் பார்ட்டை எடுத்து வை.”

அவள் ஓட்டைச் சிலிண்டரை எடுத்து வைத்தாள். இரண்டு பட்டனையும் அழுத்தினாள். பெஞ்ச் அதைக் கவ்விக்கொண்டது. காற்று அடைக்கும் சத்தம் கேட்டது. ஓட்டை வழியாக அது வெளியேறுகிற சீறலும், லைனின் இரைச்சலுக்கு நடுவில், பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது. திரையில் பச்சை வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி ஓட்டட்டுமா மேடம்?” என்றாள். ஓட்டினாள். மறுபடியும் பச்சை.

“மேடம், அப்போ காத்தாலேந்து…” என்று இழுத்தாள். கையிலிருந்த மார்க்கரை மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். பக்கத்தில் அவள் அடுக்கி வைத்த பெட்டி. ஒவ்வொரு பார்ட்டிலும் புள்ளி, எல்லாம் ஒரே இடத்தில், ஒழுங்காக.

தரக் கட்டுப்பாட்டு மேலாளருக்கு போன் செய்தேன். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். அவரிடம் கேட்காமல் எழுதுகிறேன். எல்லோரும் அவரை க்யூ.ஏ. சார் என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சற்று மூத்தவர். கோபம் வந்தாலும் குரல் உயராது. நனைந்த குடையோடு நேரே லைனுக்கே வந்துவிட்டார். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு தானே ஓட்டைப் பார்ட்டை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். பச்சை வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார்.

“எப்பத்துல இருந்து இப்படி ஓடுதும்மா?”

“கரண்ட் போயிட்டு வந்ததிலேர்ந்து சார். அதுக்கு முன்னாடி பழையதுலதான் ஓடிருக்கு. அது உறுதி.”

“அதுக்கப்புறம் ஓடுனது ஒண்ணுகூட டெஸ்ட் ஆகலையா?”

“ஒண்ணுகூட ஆகல சார். கெட்ட பார்ட் இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாது.”

“நீங்க சொன்னதே போதும்.”

டிஸ்பேட்ச்சில் விசாரித்தார். மின்சாரம் போய் வந்த பிறகு ஓடிய சரக்கு இரண்டு லாரியில் போய்விட்டது. ஒரு லாரிச் சரக்கு இன்னும் ஸ்டோர்ஸில் இருந்தது. முதலில் போனதை இந்நேரம் வண்டிகளில் மாட்ட ஆரம்பித்திருப்பார்கள் என்றார்கள். அவர் தொழிற்சாலைத் தலைவரைப் போனில் பிடித்தார். தலைவர் சென்னையில் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். படப்பைக்கு முன்னால் மழையில் கார் மாட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். சத்தத்துக்காக க்யூ.ஏ. சார் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“பேனிக் ஆகாதீங்க. நம்ம ரிஜெக்ட் எவ்ளோ வரும்? எப்பயாவது ஒண்ணு. ஃபர்ஸ்ட் ஸ்டோர்ஸ்ல இருக்கறத எல்லாம் ஒழுங்கா டெஸ்ட் பண்ணுங்க. அதுல ஒண்ணு கெட்டதா வந்தா கஸ்டமருக்குக் கூப்பிடலாம்.”

“சார், ஸ்டோர்ஸ்ல இருக்கது நல்லதா வந்தா, போனதும் நல்லதுன்னு ஆயிருமா?”

“கூப்பிட்டா அவங்க லைன் நிக்கும். தெரியும்ல? ஒரு தடவ நின்னா நம்ம பேரு என்ன ஆகும்? நான் வர்றேன். வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க.”

போன் அணைந்தது. தலைவர் சொன்னதை அநியாயம் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் இருந்தால் உங்களில் பாதிப்பேர் அதைத்தான் சொல்வீர்கள். கையில் இருப்பதைச் சோதிப்பது, பிறகு முடிவெடுப்பது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்து முடிக்கும் நேரத்துக்குள் போன பார்ட்டெல்லாம் வண்டிக்குள் போயிருக்கும். அதற்கு மேலே மற்ற பாகங்கள் ஏறியிருக்கும். சில வண்டிகள் ஓட்டிப் பார்ப்பதற்காக டிராக்குக்கே போயிருக்கும்.

க்யூ.ஏ. சார் போனைச் சட்டையில் துடைத்தார். லைனில் இருந்த சூப்பர்வைசரும் வேறு சிலரும் எங்களைச் சுற்றி நின்றிருந்தார்கள்.  அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஷட்டர் பக்கம் போய், மழையைப் பார்த்தபடி கார் கம்பெனியின் தரப் பிரிவுக்குப் போன் போட்டார்.

“வணக்கம் சார். காலையில இருந்து எங்ககிட்ட இருந்து வந்த சிலிண்டர மாட்டாதீங்க. மாட்டுன வண்டிய நகத்தாம தனியா நிறுத்திப் போடுங்க. டெஸ்ட் ஆகாம வந்துட்டு.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “இல்ல சார், கெட்டதுன்னு சொல்லல. டெஸ்ட் ஆகலன்னு சொல்லுதேன். ஆமா, என் பொறுப்புலதான் சொல்லுதேன். பேரு குறிச்சுக்கிடுங்க.”

அங்கே லைன் நின்றது.

பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. எங்கள் ஆட்கள் வேனில் போய் இறங்கினார்கள். அங்கே திட்டு வாங்கிக்கொண்டே, மாட்டியதைக் கழற்றி, பெட்டி பெட்டியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஸ்டோர்ஸில் இருந்ததும் லைனுக்கு வந்தது. நான் புதிய இயங்குதளத்தில் இருந்த சோதனை மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டேன். இனி அதில் யார் திறந்தாலும் ஒன்றும் ஓடாது. கம்ப்யூட்டரைப் பழையதில் திறந்து, ஓட்டைப் பார்ட்டை வைத்துச் சிவப்பு வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. எல்லா பார்ட்டையும் மறுபடி சோதிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் பெட்டி முழுக்கப் பச்சை. இரண்டாவது பெட்டி முழுக்கப் பச்சை. தொடக்கத்தில் ஒவ்வொரு பச்சைக்கும் எங்களுக்கு மூச்சு வந்தது. நேரம் போகப் போக லைனில் ஒரு மாற்றம் தெரிந்தது. சூப்பர்வைசர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் என் காதுபடவே, “எல்லாமே நல்ல பார்ட்டுதான்பா. எதுக்கு அவசரப்பட்டு கூப்ட்டாரு?” என்றார். தலைவர் வந்து பெஞ்சுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பச்சை வரும்போதெல்லாம் க்யூ.ஏ. சாரின் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

கடைசிப் பெட்டிகளுக்கு வரும்போது என் மனதில் ஓர் ஆசை ஓடியது. ஒரே ஒரு பார்ட்டாவது கசியட்டும். ஒரே ஒரு சிவப்பு வந்தால் போதும், இந்த மனிதர் தப்பித்துவிடுவார். பிரேக் சிலிண்டர் கசிய வேண்டும் என்று நான் கடவுளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு தொழிற்சாலை தன் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாம் பச்சை. கடைசி பார்ட்டும் பச்சை. க்யூ.ஏ. சார் பெஞ்சுக்கு அருகே போய் அந்தத் திரையைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு” என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார். அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதி வந்தது என்று நினைக்கிறேன்.

விசாரணை மாநாட்டு அறையில் நடந்தது. தலைவர், மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் அம்மா, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர். என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு இயங்குதளம் ஏன் வந்தது, வரிசை எப்படி மாறியது, சீட்டு எப்படிப் போனது என்று சொன்னேன். புதிய பெஞ்ச் கேட்டு ஆண்டுதோறும் எழுதியதையும் காட்டினேன். தலைமை அலுவலகத்துக்காரர் பக்கங்களைப் புரட்டிவிட்டு நகர்த்தி வைத்தார்.

“அவர் கூப்பிட்டது சரிதான் சார்” என்றேன். “டெஸ்ட் ஆகாத பிரேக் பார்ட். வேற என்ன செஞ்சிருக்க முடியும்?”

“ரிசல்ட்ட பாருங்க மேடம்” என்றார் தலைவர். “ஒரு பார்ட்கூட கெட்டுப் போகல. நான் சொன்ன மாதிரி ஸ்டோர்ஸ் சரக்க மட்டும் டெஸ்ட் பண்ணிருந்தா இதே ரிசல்ட்தான் வந்திருக்கும். லைனும் நின்னிருக்காது.”

“அப்போ அது நமக்குத் தெரியாதே சார்.”

“இப்போ தெரியுது இல்ல?”

அதற்கு மேல் அந்த அறையில் பேச இடம் இல்லை. நடந்து முடிந்ததை வைத்துத்தான் அவர்கள் அளந்தார்கள். அவர் முடிவெடுத்தபோது ஷட்டர் பக்கத்தில் என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. க்யூ.ஏ. சாரை வடக்கே இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் போகவில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டார்.

ஜெயமேரியை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவே இல்லை. காரணம் என்ற இடத்தில் ‘ஆப்பரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். ஒரு காரணம் எழுதியாக வேண்டும். கம்ப்யூட்டர்தான் காரணம் என்று எழுதினால் அதை ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி வரும். அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நான் மனிதவளப் பிரிவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். “அந்தப் பொண்ணு பச்சையைப் பாத்தா. புள்ளி வெச்சா. அதுக்குத்தானே அங்க நிறுத்தினீங்க?” என்றேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மேடம், டெக்னிக்கலா அவங்க நம்ம ஆளே இல்ல. கான்ட்ராக்டரோட ஆளு. நாம யாரையும் வேலையை விட்டு எடுக்கல” என்றார்.

தலைவரிடமும் போனேன். எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை. என் மேல் யாரும் கை வைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம்.

க்யூ.ஏ. சார் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில்தான் வாடகைக்கு இருந்தார். சாமான் ஏற்றும் வண்டி வாசலில் நின்றது. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி என்னைப் பார்த்தும் உள்ளேயே இருந்தார். அந்த வீட்டில் அன்று எங்கள் கம்பெனியிலிருந்து யார் வந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். நாங்கள் வராந்தாவில் நின்றே பேசினோம்.

எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “எல்லாம் நல்ல பார்ட்டுன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா சார்?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நல்லதுன்னு தெரிஞ்சா எதுக்கும்மா கூப்பிடப் போறேன்? தெரியல. அதனாலதான் கூப்பிட்டேன்.”

வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தபடி, “நம்ம ஆளுங்க இனிமே கூப்பிட மாட்டாங்க. அதான் எனக்கு வருத்தம். என் வேலை போனது கெடக்கட்டும்” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு எங்கயாச்சும் வேலை கெடச்சுதா? நீங்க கொஞ்சம் பாருங்கம்மா. நான் போறேன், என்னால முடியாது” என்றார்.

அவர் சொன்னது நடந்தது. எனக்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கும். அவருடைய இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட. ஒரு முறை திருகு இறுக்கும் கருவி ஒன்றின் அளவில் சந்தேகம் வந்தது. சரக்கு கிளம்பிப் போயிருந்தது. “கூப்பிட்டுச் சொல்லிடுங்க சார்” என்று நானே அவரிடம் சொன்னேன். போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “ஸ்டோர்ஸ்ல இருக்கறத முதல்ல பாத்துடலாம் மேடம்” என்றார். நான் விடாமல் தலைவர் வரைக்கும் போனேன். அவர் அந்தப் புது மேலாளரின் முடிவைப் பாராட்டினார். ஸ்டோர்ஸில் இருந்த பார்ட் எல்லாம் சரியாக இருந்தது. போனதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் நம்புகிறோம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இரண்டு இயங்குதளம் போடுவது ஒரு வேலை. அதைக் கற்றுக்கொள்வீர்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. தெரியாததைத் தெரியாது என்று, அதைக் கேட்க விரும்பாத ஒருவரிடம், நேரம் இருக்கும்போதே சொல்லும் வேலை. அதைச் சொன்னால் யாராவது மாலை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தால் உங்களைத் திட்டுவார்கள். அப்படித்தான் முடிய வேண்டும் என்று நீங்களும் விரும்ப வேண்டும். அது கஷ்டம். நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அதில் தோற்றதை மேலே எழுதியிருக்கிறேன்.

க்யூ.ஏ. சார் சொன்னதற்காக ஜெயமேரியைத் தேடி மண்ணூருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார். தரம் பார்க்கும் இடத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் அவரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அவளுடைய அம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், “அந்தக் கம்பெனியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

ஜெயமேரி வெளியே வந்தாள். உட்கார நாற்காலி போட்டாள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“க்யூ.ஏ. சாரும் போய்ட்டாராமே மேடம்?”

“போய்ட்டாரும்மா. உன்னைத்தான் விசாரிச்சுட்டுப் போனாரு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேலையைப் பற்றிச் சொன்னேன். நல்ல இடம், நல்ல மனிதர், பகல் ஷிப்ட் மட்டும்தான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அங்கயும் ஸ்க்ரீன் கீதுங்களா மேடம்?”

“இருக்கும்மா. அளவு காட்டுற ஸ்க்ரீன்.”

“அப்போ வேணாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இப்போ ஒரு எடத்துல அட்டப்பொட்டி மடிக்கிறேன். சம்பளம் கம்மிதான். ஆனா மடிச்சா மடிஞ்சிது, கிழிஞ்சா கிழிஞ்சிது. எனக்கே கண்ணுக்குத் தெரியிது. அதுல வந்து யாரும் நீ ஒழுங்கா பாக்கலன்னு சொல்ல முடியாது.”

“அன்னைக்கு உன்மேல தப்பு இல்லம்மா” என்றேன்.

“தெரியும் மேடம்” என்றாள். “வூட்டாண்ட எல்லாருக்கும் தெரியும். வெளில யாருக்குத் தெரியும்?”

 அவளுடைய அம்மா காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தேன். ஜெயமேரி ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றாள்.  பஸ் வந்ததும், “பாத்து ஏறுங்க மேடம், படி ஈரமா கீது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.